எழுப்ப வேண்டாம்

கல்லூரியில் யாருக்கும் பிடிக்காத வேலை ஒன்று இருந்தால், அது எப்படியோ வழி விசாரித்துக்கொண்டு ஸ்லைடு மேடத்தின் மேசைக்கு வந்து சேர்ந்துவிடும். நோய்க்குறியியல் துறையில் நுண்ணோக்கிக்கும் கண்ணாடித் துண்டுகளுக்கும் நடுவே ஆயுளில் பாதியைக் கழித்ததற்காக மாணவர்கள் வைத்த பெயர் அது. அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது, கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும். "முடியாது" என்ற சொல் அவள் வாய்க்குப் பழகவே இல்லை. புரொபேஷன் பிள்ளைகள் அவள் தலையில் விழுந்ததும் அப்படித்தான்.

தேர்வில் தோற்றவர்கள், வகுப்புக்கு மட்டம் போட்டவர்கள், வார்டில் ஏடாகூடம் செய்தவர்கள் யாரையும் கல்லூரி உடனே வெளியே தள்ளிவிடுவதில்லை. முதலில் ஒரு பருவம் கண்காணிப்பில் வைக்கும். அதுதான் புரொபேஷன். அதிலும் சறுக்கினால் குழு கூடும். குழுவுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரு வருடம் இடைநீக்கம் செய்யலாம். வருடம் கழித்துப் பிள்ளை தன் இடத்துக்குத் திரும்பி வரலாம், யாரும் தடுக்க முடியாது. இல்லையென்றால் இரக்கப்பட்டு இன்னொரு பருவம் புரொபேஷனை நீட்டலாம். ஆனால் நீட்டியதிலும் சறுக்கினால் பெயரையே அடித்துவிடுவார்கள், பிறகு மருத்துவப் படிப்பை மறந்துவிட வேண்டியதுதான். பார்வைக்கு இரக்கமாகத் தெரிவது இந்த இரண்டாவது வழி. பெற்றவர்கள் வந்து கெஞ்சுவதும் இதற்காகத்தான். எந்த வழி என்று சிபாரிசு செய்ய வேண்டியவர் கண்காணிப்பாளர். அவர் சொல்லை மீறிக் குழு முடிவெடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. அந்தக் கண்காணிப்பாளர்தான் ஸ்லைடு மேடம்.

புரொபேஷனில் இருக்கும் பிள்ளை ஒரு வகுப்பைக்கூட விடக் கூடாது. மாலையில் தனி வகுப்பு. வாரக் கடைசியில் மறுதேர்வு. மற்றவர்கள் வீட்டுக்குப் போகிற நாளில் இவர்களுக்கு வார்டு. நடுவே ஆலோசகரைப் பார்த்து மனம் திறந்து பேச வேண்டும், அதற்கும் வருகைப்பதிவு உண்டு. சுமக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டவன் தலையில் இன்னும் இரண்டு மூட்டையை ஏற்றினால் எழுந்து ஓடுவான் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, தெரியவில்லை. அவன் நன்றாகத் தூங்குகிறவனாக இருந்திருக்க வேண்டும்.

இந்த முறை குழுவின் முன் வரவேண்டியவன் மூன்றாம் ஆண்டு மாணவன். கூடப் படிப்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் கொட்டாவி.

கொட்டாவி செய்த குற்றத்தைக் கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டார்கள். வார்டில் ஒரு மரக்கடைக்காரர் மூச்சிரைப்புக்காகச் சேர்ந்திருந்தார். அவரைப் பரிசோதித்து எழுதிவரச் சொல்லி இவனை அனுப்பினார்கள். கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான், அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தான், தலையைக் குனிந்தான், கண்களை மூடிக்கொண்டான். மரக்கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காலையிலிருந்து எத்தனை பேர் வந்து தொட்டும் தொடாமலும் பார்த்துவிட்டுப் போனார்கள், இந்தத் தம்பி எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறது என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

தம்பி கேட்டான், கேட்டான், கேட்டுக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் மரக்கடைக்காரருக்குச் சந்தேகம் தட்டியது. இவ்வளவு நேரம் கேட்க நம் நெஞ்சில் அப்படி என்ன இருக்கிறது? பிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துவந்த அவர் மனைவி, கணவர் கண்ணால் காட்டிய ஜாடையைப் பார்த்துப் பதறிப்போனாள். மகளுக்குப் போன் செய்தாள். மகள் மாமனுக்குச் செய்தாள். நர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோது கட்டிலைச் சுற்றிப் பாதிக் குடும்பம் கூடிநின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. நர்ஸுக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அவன் தோளைத் தட்டினாள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்ப்பா," என்றான் கொட்டாவி, கண்ணைத் திறக்காமல்.

அதைக் கேட்டு மரக்கடைக்காரரின் மனைவி போட்ட அலறலில்தான் அவன் விழித்தான். விஷயம் அன்று மாலைக்குள் கல்லூரி முழுக்கப் பரவி, மறுநாள் குழுவுக்குப் போய்விட்டது.

குழு கூடுவதற்கு முதல் நாள் அவன் ஸ்லைடு மேடத்தின் அறைக்கு வந்தான். வாராவாரம் வரவேண்டும் என்பதும் விதிதான். ஃபார்மலின் வாடை சுவரிலேயே ஊறிப்போன அறை அது. மேசையில் பார்த்து முடிக்க வேண்டிய ஸ்லைடுகள் தட்டுத்தட்டாக இருந்தன. மின்விசிறி சுற்றும்போதெல்லாம் ஒரு பக்கமாக இழுத்து முனகியது. அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துப் புருவத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"உட்காருப்பா. மறுதேர்வு என்ன ஆச்சு?"

"எழுதினேன் மேடம். கடைசிக் கேள்வி மட்டும் எழுதல."

"தெரியலையா?"

"தெரியும் மேடம். கண்ணைக் கட்டிடுச்சு."

அவள் அவனைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கரி பூசினாற்போல் இருந்தது. சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தான்.

"நாளைக்கு உனக்காக நான்தான் பேசணும். உனக்கு என்ன வேணும்னு சொல்லு."

"தூங்கணும் மேடம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது எனக்கும்தான் வேணும். வேற சொல்லு."

"வேற ஒண்ணும் இல்ல மேடம்." கொஞ்சம் தயங்கினான். "சஸ்பெண்ட் பண்ணிட்டா ஒரு வருஷத்துக்கு யாரும் எழுப்ப மாட்டாங்க இல்ல?"

அவளுக்குச் சுருக்கென்றது. அதை மறைக்கக் கோபப்பட்டாள்.

"விளையாடறியா? சஸ்பென்ஷன்னா என்னன்னு தெரியுமா? ரெக்கார்டுல ஏறும். நாளைக்கு எங்க போனாலும் ஏன், எதுக்குன்னு கேப்பாங்க. ஆயுசுக்கும் பதில் சொல்லிட்டே இருக்கணும்."

"தெரியும் மேடம்."

"படிக்கப் பிடிக்கலைன்னா அதச் சொல்லித் தொலை."

"பிடிக்கும் மேடம்." முதல் தடவையாக அவன் நிமிர்ந்து பார்த்தான். "அன்னைக்கு அந்த ஐயா நெஞ்சுல வெச்சப்ப நிஜமாவே ஒரு சத்தம் கேட்டுச்சு. வால்வு ஒழுகற சத்தம். புஸ்தகத்துல போட்டிருக்கற மாதிரி அப்படியே. எனக்கு ரொம்ப சந்தோஷமாயிடுச்சு. அதக் கேட்டுக்கிட்டேதான் தூங்கிட்டேன். அதான் மேடம் பயமா இருக்கு. அடுத்த தடவ கையில ஊசி இருந்தா?"

அவள் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள்.

மெல்ல மெல்ல விசாரித்ததில் மீதியும் வந்தது. அவன் அப்பா பஸ் டெப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், தாமதமாக வந்தவனை எப்படிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. மகன் முதல் தடவை தோற்றதுமே நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, கல்லூரிக்குப் பக்கத்தில் ஓர் அறை பிடித்து, மகனோடு தங்கிவிட்டார். மகன் படிக்கும்போது எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அடிக்க மாட்டார், திட்ட மாட்டார். மகன் கண் மூடினால் தொண்டையைக் கனைப்பார், அவ்வளவுதான்.

"அவரும் தூங்கறதில்ல மேடம்," என்றான் கொட்டாவி. "நான் முழிச்சிருக்கறப்ப அவரு தூங்கினா அது துரோகமாம்."

"தண்டனை இல்லாம வெறும் விடுப்பே எடுக்கலாமே. ஒரு வருஷ லீவுக்கு விதி இருக்கே."

"அதுக்கு அப்பா சம்மதிக்கணும். கேட்டேன் மேடம். ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு முழுக்க சாப்பிடாம இருந்தாரு. மறுபடியும் கேக்க எனக்குத் தைரியம் இல்ல." பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான். "கல்லூரியே அனுப்பிட்டா என்மேல கோவம் வராது. உங்கமேலதான் வரும். திட்டுவாரு. பரவாயில்லையா மேடம்?"

"திட்டு வாங்கறதுல எனக்கு அனுபவம் ஜாஸ்தி," என்றாள் அவள். செய்கிறேன் என்று சொல்லவில்லை. "போப்பா, பார்க்கலாம்," என்றாள். யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவளுக்கு அந்தப் "பார்க்கலாம்" ஒரு வசதி.

வீட்டுக்குப் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. கணவர் சமைத்துவைத்திருந்தார். சாப்பிட உட்கார்ந்தவள், வாயருகே கொண்டுபோன கையோடு அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள்.

"கையைத் தட்டுல வெச்சுட்டாவது தூங்கு," என்றார் கணவர். "லீவு போடறேன் போடறேன்னு எத்தனை வருஷமாச் சொல்ற?"

"போடணும்."

"உன்னை யாராவது சஸ்பெண்ட் பண்ணினாத்தான் உண்டு."

வழக்கமான கேலிதான், அவர் சொல்லிவிட்டு மறந்தும் போனார். அவள் மட்டும் அதை வாயில் இருந்த உணவோடு நெடுநேரம் மென்றுகொண்டிருந்தாள். விடுப்பு கேட்கிற நிலைமையில் இருக்கிறவனுக்குக் கேட்கத் தைரியம் இல்லை, தனக்கோ கேட்கவே தோன்றியதில்லை என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. களைப்பில் வருகிற அழுகை. முகம் கழுவினால் போய்விடும், கழுவினாள்.

மறுநாள் குழு கூடிய அறையில் ஏசி ஒழுகிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். நீண்ட மேசையின் தலைப்பக்கத்தில் டீன் உட்கார்ந்திருந்தார். தங்கமான மனிதர். தாம் பதவிக்கு வந்த நாளிலிருந்து ஒரு பிள்ளையைக்கூட இடைநீக்கம் செய்ததில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. நீட்டி நீட்டியே கடைசியில் பெயர் அடிபட்டுப் போன பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். பக்கத்தில் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் மேசைக்கடியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு எங்கோ போக வேண்டியிருந்தது. அவருக்கு எப்போதுமே வேறு எங்கோ போக வேண்டியிருக்கும்.

டைம்கீப்பர் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கண்கள் மகனுடையதைவிடச் சிவந்திருந்தன. மகன் அவருக்குப் பின்னால் சுவரோரமாக நின்றான்.

"நல்ல சேதி ஒண்ணு," என்று டீன் ஆரம்பித்தார். "அந்த மரக்கடைக்காரரே போன் பண்ணினார். பையனை ஒண்ணும் செஞ்சிடாதீங்கன்னார். அத்தனை பேர்ல அவன் ஒருத்தன்தான் என் நெஞ்சை முழுசாக் கேட்டான்னு சொல்றார். தூங்கிட்டானய்யான்னு சொன்னேன். தூங்கினாலும் காதை எடுக்கலையேன்னார்."

அறுவை சிகிச்சைப் பேராசிரியர்கூடச் சிரித்துவிட்டார். டைம்கீப்பருக்கு உயிர் வந்தது. எழுந்து ஓர் அட்டவணையை டீன் முன்னால் விரித்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, வகுப்புக்கு ஒரு நிறம், வார்டுக்கு ஒரு நிறம் என்று தீட்டியிருந்தார். டெப்போவில் எத்தனையோ வண்டிகளை ஒழுங்காக ஓடவைத்த கை அது.

"புதுசாப் போட்டிருக்கேன் சார். இனிமே ஒரு நிமிஷம் வீணாகாது. நானே பக்கத்துல இருந்து பார்த்துக்கறேன். இன்னும் ஒரே ஒரு பருவம் குடுங்க சார். கைகூப்பிக் கேக்கறேன்."

டீன் அட்டவணையை மெச்சியபடி விரலால் தடவிக்கொண்டே வந்தார். "தூக்கம் எங்க போட்டிருக்கீங்க?"

"இதோ, இங்க சார். கொஞ்சம் குறைச்சிருக்கேன்."

ஸ்லைடு மேடம் எட்டிப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம். கூர்ந்து பார்த்தே பழகிய அவள் கண்ணுக்குக்கூட அது சட்டென்று அகப்படவில்லை.

"அப்புறம் என்ன, நீட்டிடலாம்," என்று டீன் பேனா மூடியைக் கழற்றினார். "மேடம், நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க, எழுதிடறேன்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சரி என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் நல்லது. டீன் மகிழ்வார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் போக வேண்டிய இடத்துக்குப் போவார். இந்த அப்பா தன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். அடுத்த பருவம் இதே அறையில், இதே வாளிக்குப் பக்கத்தில், இவன் பெயரை அடிப்பார்கள். அதற்குள் அவன் யார் கையிலாவது ஊசியைக் குத்தியபடி தூங்கியிருக்காவிட்டால்.

"நீட்ட வேண்டாம் சார்," என்றாள். "இடைநீக்கம் செஞ்சிடலாம்."

டீனின் பேனா நின்றுவிட்டது. டைம்கீப்பர் முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், யோசிச்சுதான் சொல்றீங்களா?" என்றார் டீன். "ஒரு வருஷம் வீட்டுல சும்மா கெடந்தா பையன் கெட்டுப்போயிடுவானே."

"கெட மாட்டான் சார். தூங்குவான். வருஷம் கழிச்சு வந்தா இவன் இடம் இருக்கும். இன்னொரு பருவத்தை இவன் தாங்க மாட்டான், எனக்குத் தெரியும். அப்ப பேரை அடிக்கணும். அத நீங்க செய்வீங்களா?"

டீன் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். அவர் நல்லவர்தான். நல்லவர்களுக்கு இப்படிப்பட்ட கேள்விகளை யாரும் கேட்பதில்லை, அதனால் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"என்னம்மா இது," என்றார் டைம்கீப்பர். "வாராவாரம் உங்க ரூமுக்குத்தானே வந்தான். நீங்க கைகொடுப்பீங்கன்னு நம்பிக்கிட்டு இருந்தோம். உங்க பிள்ளையா இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

அவள் சுவரோரம் பார்த்தாள். அவன் வாய் திறந்து "நான்தான்ப்பா கேட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லவில்லை. தலையைத் தொங்கப்போட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு மனசு வலித்தது. திட்டு தனக்குத்தான் என்று முன்பே தெரிந்திருந்தும் வலித்தது. பயல் கெட்டிக்காரன், திட்டு முழுவதையும் என் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

"செய்வேன்," என்றாள்.

டீன் எழுதினார். ஒரு வருடம். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். கொட்டாவி எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அப்பாவுக்கு முன்னாலேயே வெளியே போனான். அவன் நடையில் துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. சுமை இறக்கியவன் முதுகு கொஞ்ச நேரம் வளைந்தபடியேதான் இருக்கும்.

டைம்கீப்பர் வாசலில் அவளை மறித்துக்கொண்டார். அட்டவணையைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தார். பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. படித்தவர்களுக்கு நெஞ்சில் ஈரம் இல்லை என்றார். கண்ணாடித் துண்டில் செத்த சதையையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு உயிருள்ள பிள்ளையின் அருமை எப்படித் தெரியும் என்றார். உங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தானே, அந்தப் பாவத்துக்காகவாவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்றார். உங்கள் பிள்ளைதான் கேட்டான் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாரம் குறைந்திருக்கும். ஆனால் இந்த மனிதர் இனி ஒரு வருடம் அந்தப் பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும். கோபத்தை வைக்க அவருக்கு வேறு இடம் வேண்டும், இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டும்.

"உங்களுக்கு நிம்மதியாத் தூக்கம் வருமாம்மா?" என்று கடைசியாகக் கேட்டுவிட்டு அவர் திரும்பி நடந்தார்.

வராது என்றுதான் அவளும் நினைத்தாள்.

தாழ்வாரத்தின் கோடியில், நோயாளிகளோடு வந்தவர்கள் உட்காரும் மரப்பெஞ்சில் கொட்டாவி இருந்தான். சுவரில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து, அடித்துப்போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தான். சக்கர நாற்காலி ஒன்று கடகடவென்று அவன் முழங்காலை உரசிக்கொண்டு போயிற்று, அவன் அசையவில்லை. டைம்கீப்பர் அவன் முன்னால் போய் நின்றார். பழக்கதோஷத்தில் மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். தொண்டையைக் கனைக்கப்போவது அவர் தோள் ஏறியதிலேயே தெரிந்தது. அவள் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கனைக்கவில்லை. எந்த வண்டியும் எங்கும் கிளம்ப வேண்டியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்ததோ என்னவோ, மெதுவாக மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். சுவரில் இருந்த தலை சரிந்து அவர் தோளுக்கு வந்தது. அவர் அதைத் தள்ளவில்லை. இன்றும் மாற்றிப் போட்டிருந்த சட்டைப் பொத்தானை ஒரு கையால் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார்.

அவள் துறைக்குப் போக அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி இல்லை. தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண்ணில் கோபம் அப்படியே இருந்தது, ஒரு பொட்டுகூடக் குறையவில்லை. உதட்டில் விரலை வைத்தார்.

"செருப்பு சத்தம் கேக்குது," என்று கிசுகிசுத்தார். "புள்ள தூங்கறான் இல்ல?"

ஸ்லைடு மேடம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். தாழ்வாரம் முடிகிறவரை வெறுங்காலோடு நடந்து போனாள்.